உங்களுக்குத் தெரியுமா? ஹெல்மெட் வார் காதைக் கெடுக்கலாம்!

மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவைக் கடந்தால் கொச்சி கப்பல் கட்டும் தளம்; 2022-இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் உருவான இடம். இரும்புத் தகட்டில் கிரைண்டர் ஓடினால் ஒலி 100 டெசிபலை எளிதில் தொடும். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிப்பதோ 90தான். ஆகவே கப்பல் கட்டும் வேலையில் ஹெல்மெட்டும் வேண்டும், காதுக்கவசமும் வேண்டும். சிக்கல் இவை சேரும் இடத்தில்: ஹெல்மெட் வாரோ கண்ணாடிக் காம்போ காதுக்கவச மெத்தைக்கு அடியில் புகுந்தால் அந்த இடுக்கு வழியே ஓசை நுழைந்துவிடும். பெட்டியில் அச்சிட்ட டெசிபல் கணக்கு அப்போது உதவாது. ஐரோப்பாவில் ஹெல்மெட்டில் பொருத்தும் காதுக்கவசத்துக்கென்றே தனித் தரவிதி, இ.என். 352-3, இருப்பது சும்மா இல்லை.

‘காதடைப்பானையும் சேர்த்துப் போட்டால் தீர்ந்தது’ என்பார்கள். போடலாம், ஆனால் இரண்டின் எண்களையும் கூட்டக் கூடாது. பெரிய எண்ணோடு 5 டெசிபல் சேர்ப்பதே அமெரிக்காவில் வழக்கமான கணக்கு; மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி போகிறதே! கிரேன் மணி கேட்காது என்ற கவலை நியாயமானது. அதற்காகக் கழற்றி வைக்காமல், தேவையான அளவே ஒலி குறைக்கும் கவசத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொச்சிப் புழுக்கத்தில் மெத்தைக்கு அடியில் வியர்த்தால் நுரை அடைப்பான் நல்லது: மெலிதாக உருட்டி, காதுமடலை மேல்நோக்கி இழுத்துச் செருகி, விரியும்வரை விரலால் பிடித்திருங்கள்.