கிணற்றடிக்கு ஒரு கிறவல் பாதை

மாரி தொடங்கினால் எங்கள் முற்றம் சேறாகிவிடும். ஊன்றுகோலுடன் நடக்கும் அக்கா கிணற்றடிக்குப் போகமாட்டார். அதனால் புரட்டாதியில் நானே 30 அடி நீளம், 3 அடி அகலத்தில் பாதை போட்டேன். அரைக் கியூப் கிறவல் போதுமாயிற்று.

கண்ணிவெடி அகற்றிய காணிதான்; ஆனாலும் மெதுவாகவே 4 அங்குலம் வெட்டினேன். (சந்தேகமான இரும்பு கண்டால் தொடாதீர்கள்; பொலிசுக்கு அறிவியுங்கள்.) ஓரங்களில் உடைந்த செங்கல் பதித்தேன்.

கிறவலை ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. 3 அங்குலம் பரப்பி, பிடித்தால் உருண்டையாக நிற்குமளவு நீர் தெளித்து, மரக்குற்றியால் இடித்தபின்பே அடுத்த படை. நடுப்பகுதி ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால் மழைநீர் இருபுறமும் வடியும். இடிப்பதுதான் பெரிய வேலை; இரண்டு நாள் தோள் வலித்தது. ஊன்றுகோல் நுனி புதையாத வரைக்கும் இடியுங்கள். சக்கர நாற்காலி போவதானால் 4 அடி அகலம் வேண்டும்.