அவனும் நானும் எட்டு கோழிக்காலும்

'அவன்'னா இங்க ஆள் இல்லீங்க, அடுப்பு. வாடகை வீட்டோட ஓசியா வந்தது. ரொம்ப நாளா அதுக்குள்ள பாத்திரம்தான் அடுக்கி வெச்சிருந்தேன். அப்படியே விட்டிருக்கலாம் :(

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ரூம்மேட்டுக்குப் பிறந்தநாள். தந்தூரி மாதிரி ஏதாச்சும் பண்ணுவோம்னு எட்டு கோழிக்கால் வாங்கி, தயிர் மசாலால ஊற வெச்சேன் (ஃப்ரிட்ஜ்லதான்!). சமையல் குறிப்புல "180 டிகிரி, 45 நிமிடம்"னு போட்டிருந்தது. திருகி வெச்சாச்சு.

45 நிமிஷம் கழிச்சுத் திறந்தா, வெச்ச மேனிக்கு அப்படியே இருக்கு. அப்பதான் மண்டையில உறைச்சது. குறிப்பு எழுதினது நம்ம ஊர்க்காரங்க, அது செல்சியஸ். அமெரிக்க அடுப்புல இருக்கறது ஃபாரன்ஹீட். 180 ஃபாரன்ஹீட்னா வெறும் 82 செல்சியஸ், தண்ணி கூட கொதிக்காது. செல்சியஸை 9-ஆல பெருக்கி, 5-ஆல வகுத்து, 32 கூட்டணும். அதாவது 356, அடுப்புல 350 வெச்சாப் போதும். பொறியியல் படிச்ச லட்சணம் இது!

ஹால்ல நாலு பேர் பசியோட. 350-ல வெச்சுட்டு இன்னும் முக்கால் மணி நேரம் காத்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? நேரா 500-க்குத் திருகிட்டேன். 15 நிமிஷத்துல மேல கருகிடுச்சு, எலும்புகிட்ட சிவப்பு. "எலும்பு ஓரம் அப்படித்தான்டா இருக்கும்"னு நானே தீர்ப்பு சொல்லி பரிமாறினேன். இருக்கறதுலயே பெரிய துண்டா பார்த்து பிறந்தநாள்காரனுக்கு வெச்சேன்.

செவ்வாய்க்கிழமை காலையில அவனுக்கு காய்ச்சல், வாந்தி, பேதி. அன்னிக்குத்தான் அவனோட ப்ராஜெக்ட் ப்ரசன்டேஷன். ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியதாப் போச்சு. கோழிதான் காரணம்னு டாக்டர் அடிச்சுச் சொல்லல. ஆனா என்னை அவன் ஒரு வார்த்தை திட்டல பாருங்க, அதுதான் தாங்கல.

அப்புறம் உக்காந்து படிச்சதுல புரிஞ்சது:

சூட்டைக் கூட்டினா நேரம் அதே கணக்குல குறையாது. சூடு வெளியில இருந்து மெதுவாத்தான் உள்ள போகும். அவசரப்படுத்தினா தோல்தான் கருகும்.

நிறத்தை நம்பாதீங்க. நல்லா வெந்த கோழியும் எலும்போரம் சிவப்பா இருக்கலாம், வேகாததும் வெள்ளையா இருக்கலாம். குத்திப் பார்க்கற தெர்மாமீட்டர் ஒண்ணே வழி. தடிமனான இடத்துல, எலும்புல படாம குத்தினா 165 ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) காட்டணும். ஆட்டு, மாட்டுக் கொத்துக்கறின்னா 160.

4-ல இருந்து 60 செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதனாலதான் இறைச்சியை 325 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ அவன்ல வைக்காதீங்கன்னு அமெரிக்க விவசாயத்துறை சொல்லுது. என் கோழி 82-ல சுகமா வெந்நீர் குளியல் போட்டிருக்கு!

உள்ள ஃபேன் சுத்தற அவனா இருந்தா 25 ஃபாரன்ஹீட் குறைச்சு வைக்கணும். திருகுல இருக்கற எண்ணும் உள்ள இருக்கற சூடும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல. உள்ள தொங்கவிடற தெர்மாமீட்டர் விலை கம்மிதான்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "அடுப்பைக் கூட்டி வெச்சா சோறு அடிதான்டா பிடிக்கும், இதுக்கு எம்.எஸ். படிக்கணுமா?"ன்னாங்க. ஹும்.

போன வாரம் மறுபடியும் வெச்சேன். 350, முன்கூட்டியே சூடாக்கி. தெர்மாமீட்டரை ரூம்மேட் பிடுங்கி அவனே குத்தினான். 151. பேசாம உள்ள தள்ளினோம். பத்து நிமிஷம் கழிச்சு 168.

இந்தத் தடவை பெரிய துண்டை அவன் எனக்கு வெச்சான்.