மழையில்லாமல் நனையும் கூடாரம்

காந்தலூர் என்ற மலைக்கிராமம் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆப்பிளும் வெள்ளைப்பூண்டும் விளையும் குளிர். மார்கழி இரவில் அங்கே கூடாரத்தில் தூங்கி எழுந்தால், மழையே பெய்யாமல் அதன் உட்பக்கத் துணி நனைந்திருக்கும். ஏன்?

மூச்சு, தோல் வழியாக ஒருவர் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். மேகமற்ற வானத்துக்கு வெப்பத்தை இழக்கும் மெல்லிய கூரைத்துணியோ, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அதில் படும் ஆவி துளியாகிறது. குளிருக்கு அஞ்சி எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுவதுதான் தவறு. மேலும் கீழும் சிறிது திறந்து வைத்தால் ஈரம் வெளியேறும்.

கனடாவில் உறைந்த ஏரிமேல் மீன்பிடிக்க விரிக்கும் கூடாரங்களிலும் காற்றுத் துவாரம் உண்டு. ஈரத்துக்காக மட்டுமல்ல, அடுப்பு கக்கும் கார்பன் மோனாக்சைடுக்காகவும்தான். அதற்கு மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே கொல்லும். குளிர் எவ்வளவு வாட்டினாலும் கூடாரத்துக்குள் கரியடுப்பு வைக்காதீர்கள்.