மின்னலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல்லும் நமது பிரசங்கமும்

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம் போன்ற ஊர்களில், வயலில் நிற்போர் மழை மேகத்தைக் கண்டு 'மின்னுகிறது' என்பர். மின்னுவது எது என்று எவரும் வினவுவதில்லை. எழுவாய் இன்றியே அச்சொல் நிறைவு பெறுகிறது. இலத்தீனிலும் இவ்வழக்கு உண்டு. 'ஃபுல்குராரே' என்னும் வினை, 'ஃபுல்குராத்' எனப் படர்க்கை ஒருமையில் தனித்து நின்று 'மின்னுகிறது' என்றே பொருள்படும்.

எனினும், உரோமர் இதற்கு யூப்பித்தர் என்னும் எழுவாயை அளித்தனர். அத்தெய்வம் இடிக்கும்போதும் மின்னும்போதும் மக்கள் பேரவை கூடலாகாது என்ற விதியைச் சிசரோ குறிப்பிடுகிறார்.

இதனோடு 'ஃபுல்மினாரே' என்னும் மற்றொரு வினையையும் நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முன்னது ஒளி காட்டுதல். பின்னது தாக்கி வீழ்த்துதல். முதல் நூற்றாண்டினரான செனேக்கா, மின்னலுக்கும் இடியேற்றுக்கும் இடையே இவ்வேறுபாட்டையே விளக்குகிறார். நம் பேச்சுவழக்கிலோ 'இடி' என்பது ஓசையையும் தாக்குதலையும் ஒருங்கே குறிக்கிறது. உயிரைப் பறிப்பது மின்னலின் மின்சாரமேயாயினும், 'இடி விழுந்து இறந்தார்' என்கிறோம். 'தலையில் இடி விழ' என்று சபிப்பதும் உண்டு.

இச்சாபத்தின் சாயல் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. சபைநீக்கத் தீர்ப்பை அறிவித்தலுக்கு இடைக்காலத் திருச்சபை 'ஃபுல்மினாரே' என்னும் சொல்லையே ஆண்டது. 1505 ஜூலை 2ஆம் நாள் ஸ்டொட்டர்ன்ஹைம் அருகே மின்னலுக்கு அஞ்சித் துறவறம் பூண நேர்ந்துகொண்ட மார்ட்டின் லுத்தர், 1521 ஜனவரி 3ஆம் நாள் இந்த இரண்டாம் இடிக்கும் இலக்கானார்.

திருமறை கூறுவது யாது? வல்கேட் என்னும் இலத்தீன் திருமறையில், நமது 144ஆம் சங்கீதத்தின் 6ஆம் வசனத்தில் 'ஃபுல்குரா' என்ற ஏவல் வினை கடவுளை நோக்கி எழுகிறது. எபிரெய மூலத்தில் வினையும் பெயரும் 'பாராக்' என்னும் ஒரே வேரினின்று தோன்றியவை. சங்கீதக்காரன் பகைவர் சிதறவே வேண்டுகிறான். ஆயினும் கடவுளை முன்னிலையில் வைத்து மன்றாடுகிறானேயன்றி, பிறர்மேல் தானே தீர்ப்புக் கூறவில்லை. மத்தேயு 24:27 மானிட மகனின் வருகையையும், 28:3 கல்லறையருகே தோன்றிய தூதனின் தோற்றத்தையும் மின்னலுக்கு ஒப்பிடுகின்றன. இரண்டிலும் ஒளியே முதன்மை பெறுகிறது. சமாரியர்மேல் வானத்து நெருப்பை வேண்டிய சீடரையோ ஆண்டவர் கடிந்துகொண்டார் (லூக்கா 9:54, 55).

வயலில் மின்னல் தாக்கி ஒருவர் மாண்ட வீட்டிற்குப் போதகர் செல்லும்போது, 'இவர் செய்த பாவம் என்ன?' என்று அயலார் முணுமுணுத்தல் கூடும். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதைக் குறித்து நம் ஆண்டவர், அவர்கள் மற்றெல்லாரிலும் கொடிய பாவிகள் அல்லர் என்று மறுத்துரைத்ததை அப்போது நாம் நினைவுகூர்தல் வேண்டும். எழுவாயின்றி நிற்கும் வினைக்குத் துயருற்றோர் முன்னிலையில் அவசரமாக எழுவாய் தேடித் தருவது நமது பணியன்று. அவர்களோடு அமர்ந்து அழுவதும், இடி கேட்டவுடன் மரத்தடியில் ஒதுங்காது உறுதியான கட்டடத்தினுள் செல்லுமாறு சபையாருக்கு அறிவுறுத்துவதுமே நமது பணியாகும்.

நமது பிரசங்கபீடம் ஒளி காட்டுகிறதா, இடியாய் வீழ்கிறதா? இவ்விரு வினைகளும் நம்மை நோக்கி எழுப்பும் வினா இதுவே.