பன்றியின் தீனியும் கொழுப்பின் தன்மையும்

பன்றி வளர்ப்பில் நாம் எடையை மட்டும் கருதினால் போதாது. கொழுப்பின் தன்மையையும் கருத வேண்டும். மாடு தின்னும் எண்ணெய் அதன் முதல் இரைப்பையில் பெரிதும் மாறுகிறது. பன்றிக்கோ இரைப்பை ஒன்றே. ஆகவே தீனியிலுள்ள எண்ணெய் பெரும்பாலும் தன்மை மாறாமலே உடற்கொழுப்பில் சேர்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலக்கடலை வயல்களில் மேய்ந்த பன்றிகளின் கொழுப்பு இளகிப்போயிற்று. வணிகர் விலையைக் குறைத்தனர். 1926-ஆம் ஆண்டில் எல்லிஸ், இஸ்பெல் என்னும் அறிஞர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டை மிகுதியாக இட்டாலும் இக்குறை நேரும். இளகிய கொழுப்பு விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும்.

மாவுச்சத்து மிகுந்த நொய்யரிசி, பார்லி முதலியன கெட்டியான கொழுப்பைத் தரும். ஆதலால், விற்பனைக்கு முந்திய இரண்டு மாதங்களில் தவிட்டைக் குறைத்து, தானியத்தையும் எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கையும் கொடுத்து வருவோமாக.