ஓரிகானோவைக் கிளையுடன் வாங்குவது ஏன்? கலப்படம் முதல் சமையல் வரை ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையை அடுத்துத் தொடங்கும் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய வணிகத் தலமாகும். மிளகு, ஏலம், பட்டை ஆகியவற்றை முழுதாகப் பார்த்து வாங்கி, வீட்டில் பொடித்துக்கொள்வது இத்தகைய சந்தைகளின் பழைய வழக்கம். பீட்சாவுடன் வரும் சிறு உறைகளின் மூலம் நம்மிடையே அறிமுகமான ஓரிகானோவுக்கும் இவ்வழக்கம் பொருந்தும்.

கலப்படம் எவ்வாறு நடக்கிறது?

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட மசாலாப் பொருள்களிலேயே ஓரிகானோதான் கலப்படத்துக்கு அதிகம் இலக்காவது தெரியவந்தது. அதன் மாதிரிகளில் 48 சதவீதம் கலப்பட ஐயத்துக்கு உள்ளாயின. பெரும்பாலும் கலக்கப்பட்டவை ஆலிவ் இலைகள். நொறுக்கிய இலைகளில் இவற்றைக் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

கிளையுடன் இருந்தால் ஏமாற்றுவது எளிதன்று. ஓரிகானோ, துளசியும் புதினாவும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே துளசியைப் போலவே தண்டு நான்கு பட்டையாகவும், இலைகள் எதிரெதிராகவும், நுனியில் பூங்கொத்துடனும் காணப்படும். ஆலிவ் இலையோ தடித்து, தோல் போன்று இருக்கும்.

கற்பூரவல்லி வேறு

கேரளத்தில் 'பனிக்கூர்க்கை' எனப்படும் கற்பூரவல்லியைச் சிலர் 'கியூபா ஓரிகானோ' என்று அழைக்கின்றனர். இரண்டிலும் கார்வக்ரால் என்னும் மணப்பொருள் இருப்பதால் வாசனை ஒத்திருக்கிறது. ஆயினும் இரண்டும் வெவ்வேறு தாவரங்கள். கற்பூரவல்லியின் சதைப்பற்றுள்ள இலை எளிதில் உலராது. அதனைப் பச்சையாகப் பயன்படுத்துவதே சிறப்பு. உண்மையான ஓரிகானோ, இமயமலையில் காஷ்மீர் முதல் சிக்கிம் வரை இயற்கையாகவே வளர்கிறது.

சமைக்கும் முறை

கிரீஸ், தெற்கு இத்தாலி ஆகிய பகுதிகளில் செடி பூக்கும் பருவத்தில் அறுவடை செய்யப்பட்டு, கட்டுகளாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறது. மணம் தரும் எண்ணெய், இலை, பூக்களின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கும். இலையை நொறுக்கும்போது அச்சுரப்பிகள் உடைந்து மணம் வெளிப்படும். முன்கூட்டியே நொறுக்கி விற்கப்படும் இலைகளில் மணம் விரைவில் குறைவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, தேவைப்படும்போது மட்டும் கிளையை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து, உணவின் மீது நேரடியாகத் தேய்த்து உதிர்க்க வேண்டும். உலர்ந்த ஓரிகானோவின் மணம் செறிவானது. பச்சை இலை ஒரு மேசைக்கரண்டி தேவைப்படும் இடத்தில், உலர்ந்தது ஒரு தேக்கரண்டி போதும்.

தக்காளிக் குழம்பிலோ பயறு வேகும்போதோ முழுக் கிளையையும் இட்டு, கறிவேப்பிலைக் காம்பைப் போலத் தண்டைப் பின்னர் எடுத்துவிடலாம். வறுத்த மீனுக்கு எலுமிச்சைச் சாற்றுடன் இறுதியில் தூவினால் போதும். இலை உதிர்ந்த தண்டுகளைக் கரி அடுப்பில் இட்டால், சுடப்படும் மீனிலும் இறைச்சியிலும் அதன் புகைமணம் ஏறும்.

மழைக்காலத்தில் கவனம்

கேரளம் போன்ற ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் கிளைகளைத் திறந்தவெளியில் தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கக்கூடும். அவற்றை நறுக்கி, காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாத இடத்தில் வைப்பது நல்லது. கசக்கியவுடன் காரமான மணம் எழவில்லையெனில், அது பழையதாகவோ கலப்படமானதாகவோ இருக்கக்கூடும்.