மாதம் ஓர் ஊசி, தினம் ஒரு மாத்திரை

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி வைத்தியர் தாமஸ் அடிசன் 1855-இல் மனிதர்களிடம் கண்டு விவரித்த அட்ரினல் சுரப்பிக் குறை, இன்று அமெரிக்காவில் மனிதரைக் காட்டிலும் நாய்களிடமே அதிகமாகத் தென்படுகிறது. அதற்கு மிருக வைத்தியர்கள் கையாளும் டெஸாக்ஸிகார்டிகோஸ்டிரோன் பைவலேட் என்ற ஊசி மருந்து, மனித வைத்தியத்தில் ஒரு காலத்தில் கீர்த்தி பெற்றிருந்து, ஃப்ளுட்ரோகார்டிஸோன் மாத்திரை வந்த பிறகு அங்கே ஒதுக்கப்பட்டு, நாய்களின் பொருட்டுப் புனர்ஜன்மம் எடுத்ததாகும்.

நோய் முற்றிய ஒரு பூடில் நாயை மேஜைமேல் கிடத்தினால், ஈறுகள் வெளுத்து, நாடி மெலிந்து, அதிர்ச்சியினால் படபடக்க வேண்டிய இருதயமோ, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டமையால் நிதானமாக அடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். உப்புநீரும் ஸ்டீராய்டும் நாளத்தில் செலுத்தப்பட்டு, மறுநாள் அதே பிராணி எழுந்து நின்று வாலை ஆட்டும்போது, வீட்டாரின் ஆனந்தத்துக்கு எல்லையில்லை.

அதன் பிறகுதான் இந்த ஊசி. 1937-இல் ஸ்விட்ஜர்லாந்தில் ரைக்ஸ்டைன் என்ற ரசாயன விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உருவான மூலப்பொருளை எண்ணெயில் கரைத்து அன்றாடம் குத்திய காலம் போய், எளிதில் கரையாத நுண்ணிய படிகங்களாகச் செலுத்துவதால், மருந்து சிறுகச் சிறுக ரத்தத்தில் கலந்து, கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் வீதம் சுமார் 25 நாள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் ஒழுங்கில் வைத்திருக்கிறது.

இவ்வளவு சௌகரியமே என் கவலைக்கும் காரணம். இந்த ஊசி உப்பைக் காக்கும் ஹார்மோனின் வேலையை மாத்திரமே செய்கிறது. பெரும்பாலான நாய்களுக்குச் சேர்ந்தே இல்லாமற்போகும் கார்டிஸால் என்னும் மற்றொரு ஹார்மோனின் ஸ்தானத்தை, தினசரி கொடுக்கும் சிறு அளவு பிரெட்னிஸலோன் மாத்திரைதான் நிரப்ப வேண்டும். நாய் ஓடி விளையாடுகிறது, ரத்தப் பரிசோதனையில் சோடியமும் பொட்டாசியமும் சரியாக இருக்கின்றன, ஆகவே மாத்திரை எதற்கு என்று வீட்டார் நிறுத்திவிடக்கூடும்; ஆனால் கார்டிஸால் பற்றாக்குறை அந்தப் பரிசோதனையில் தெரியாது. அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4-ஆம் தேதி வாணவேடிக்கையோ, நெடும் பிரயாணமோ, அந்நியர் இல்லத்து வாசமோ நேர்ந்தால், வழக்கமான அளவையே கூட்டிக் கொடுக்க வேண்டிய சமயத்தில், அதுவும் இல்லாமல் நாய் வாந்தியெடுத்துத் துவண்டுவிடும்.

ஃப்ளுட்ரோகார்டிஸோன் மாத்திரையில் இரண்டு குணமும் ஓரளவு உண்டாகையால் அதுவே போதும் என்பாரும் உளர். அதை உண்ணும் நாய்களிலும் பலவற்றுக்குப் பிரெட்னிஸலோன் வேண்டியிருக்கிறது.

அடுத்த ஊசியின் தேதியைக் குறிக்கும் சீட்டிலேயே, அன்றாட மாத்திரையின் அளவையும், கலக்கம் நேரும் நாட்களில் அதை எவ்வளவு கூட்டுவது என்பதையும் வைத்தியர்கள் எழுதித் தருவதை ஒரு நியமமாகக் கொள்ள வேண்டும்.